காத்திருந்து அடித்த கரங்கள்



விளையாட்டு விழாவில் பந்தை ஓங்கி அடிப்பவரைக் கண்டால் நாம் கைதட்டி ஆரவாரம் செய்கிறோம். பந்து எவ்வளவு தூரம் பறந்தது என்று பார்க்கிறோமே அன்றி, அடிப்பதற்கு முந்திய கணத்தில் அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதில்லை. அடியின் வலிமை முழுவதும் தோளில் இருக்கிறது என்பது நம் எண்ணம். பாதி வலிமை காத்திருப்பதில் இருக்கிறது என்பதைத் தம் ஆட்டத்தால் உலகுக்குக் காட்டிய ஒருவரின் வாழ்க்கையை இங்கே காண்போம். அவர்தாம் அமெரிக்க நாட்டின் பேஸ்பால் வீரர் பேப் ரூத்.

நம்மிடையே கிரிக்கெட் அறிந்தவர் பலர். பேஸ்பால் அறிந்தவர் சிலரே. ஆதலின் ஆட்டத்தைப் பற்றி முதலில் ஒரு சொல். ஒருவர் சிறிய மேட்டின்மீது நின்று பந்தை எறிவார். அங்கிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில், தரையில் பதித்த வெண்ணிறத் தட்டின் அருகே, உருண்டை மட்டையுடன் மற்றவர் நிற்பார். பந்து தரையில் படாமலே தட்டைக் கடக்கும். அதை அடித்துவிட்டு மட்டையாளர் நான்கு தளங்களையும் சுற்றி ஓடிவர வேண்டும். பந்தை வேலிக்கு அப்பால் பறக்கவிட்டால் நிதானமாகவே சுற்றி வரலாம். அதற்கு ஹோம் ரன் என்று பெயர். நல்ல பந்துகளை மூன்று முறை தவறவிட்டால் அவர் வெளியேற வேண்டும். ஆனால் எல்லைக்குப் புறம்பாக வரும் பந்துகள் நான்கை ஆசைப்பட்டு அடிக்காமல் விட்டுவிட்டால், முதல் தளத்திற்கு ஓடாமலே நடந்து போகலாம். ஆகவே, அடிப்பதற்கு மட்டுமன்றி, அடிக்காமல் பொறுத்திருப்பதற்கும் இவ்வாட்டத்தில் பரிசு உண்டு. இதனை நினைவில் கொண்டு மேலே படியுங்கள்.

கைவிடப்பட்ட சிறுவன்

மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் துறைமுக நகரில் 1895-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் ஜார்ஜ் ஹெர்மன் ரூத் பிறந்தான். பெற்றோருக்குப் பிறந்த மக்கள் எண்மர். அவருள் பிழைத்து வளர்ந்தவர் ஜார்ஜும் அவன் தங்கையும் மட்டுமே. தந்தை மதுக்கடை நடத்தினார். தாயோ நோயாளி. கவனிப்பார் இன்றித் தெருவிலே திரிந்த சிறுவன் பள்ளிக்குச் செல்லவில்லை, கல்லெறிந்தான், புகையிலை மென்றான். பெற்றோரால் அடக்க இயலவில்லை. 1902-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள், தன் ஏழாம் வயதில், புனித மரியன்னை தொழிற்பள்ளியில் அவன் சேர்க்கப்பட்டான். அனாதைகளும், வீட்டுக்கு அடங்காத பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கான சிறுவர்கள் தங்கியிருந்த இடம் அது.

அப்பள்ளியை நடத்தியவர்கள் சவேரியார் சபைச் சகோதரர்கள். நம் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே உழைத்த புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயரால், 1839-இல் பெல்ஜியம் நாட்டில் தொடங்கப்பட்ட சபை அது. ஜார்ஜ் இடையிடையே வீட்டிற்கு அனுப்பப்பட்டதுண்டு. ஒவ்வொரு முறையும் திரும்பி வரவே நேர்ந்தது. அவன் பள்ளியில் இருந்தபோதே, 1912-இல், தாயும் இறந்தாள். சட்டை தைக்கும் தொழிலை அங்கே கற்றான். அவனை நாம் அறியச் செய்த மற்றொரு கல்வியையும் அங்கேயே கற்றான்.

ஆசிரியர் மத்தியாஸ்

கனடா நாட்டிலிருந்து வந்த சகோதரர் மத்தியாஸ் ஆறடிக்கும் மேல் உயர்ந்தவர், உரத்துப் பேசாதவர். மாலை வேளைகளில் அவர் ஒரு கையால் பந்தை மேலே எறிந்து, மட்டையால் தட்டி, மைதானத்தின் மறுகோடிக்கு அனுப்புவார். சிறுவர் கூட்டம் பந்தின் பின்னால் ஓடும். ஒரு சிறுவன் மட்டும் பந்தைப் பாராமல் அடித்தவரைப் பார்த்தான். அவர் கால் வைக்கும் முறை, இடுப்பைத் திருப்பும் முறை, மட்டை தாழ்ந்து மேலெழும் முறை யாவும் அவன் மனத்திலே பதிந்தன. அவர் நடப்பதுபோலவே கால்விரல்களை உட்புறம் திருப்பிச் சிற்றடி வைத்து நடக்கவும் பழகிக்கொண்டான். பிற்காலத்தில் பல்லாயிரவர் கண்ட பேப் ரூத்தின் நடையும் ஓட்டமும் மத்தியாஸுடையவையே.

மத்தியாஸ் அவனுக்குப் பந்தைப் பிடிக்கவும் எறியவும் பல மணி நேரம் கற்றுத் தந்தார். ஒரு நாள் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. தம் அணியில் பந்தெறிந்த சிறுவன் தடுமாறுவதைக் கண்டு ஜார்ஜ் கைகொட்டிச் சிரித்தான். மத்தியாஸ் கோபிக்கவில்லை, தண்டிக்கவும் இல்லை. பந்தை அவன் கையிலேயே கொடுத்து, மேட்டின்மேல் நிறுத்தினார். கேலி செய்தவன் அன்றே பந்தெறிபவன் ஆனான். இச்செயலின் பயன் எவ்வளவு பெரிது என்பது பின்னர் விளங்கும்.

1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் உரிமையாளர் ஜாக் டன் 600 டாலர் ஊதியத்திற்கு அவனை ஒப்பந்தம் செய்தார். உரிய வயது நிரம்பாதவன் ஆகையால் அவனுக்குச் சட்டப்படி பாதுகாவலர் ஆகவும் நேர்ந்தது. டன்னின் பின்னாலேயே சுற்றிய அவ்விளைஞனைச் சக ஆட்டக்காரர்கள் குழந்தை என்னும் பொருளில் பேப் என்று அழைத்தனர். அப்பெயர் நிலைத்துவிட்டது. அவ்வாண்டு ஜூலையிலேயே அவர் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்கு விற்கப்பட்டார்.

மேட்டிலிருந்து கற்ற பாடம்

பாஸ்டனில் ரூத் பெரும்பாலும் இடக்கையால் பந்தெறிபவராகவே விளங்கினார். 1916-இல் மட்டும் 23 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார். 1916, 1918 ஆகிய ஆண்டுகளின் உலகத் தொடர் ஆட்டங்களில் 29 இன்னிங்ஸுக்கும் மேலாக எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடாமல் எறிந்த அவருடைய சாதனை 1961 வரை நின்றது.

பந்தெறிபவரின் வேலை என்ன? வேகமாக எறிவது மட்டுமா? அன்று. மட்டையாளரின் நேரக் கணக்கைக் குலைப்பதே அவருடைய முதல் வேலை. வேகப் பந்து ஒன்றை எறிந்து, அதே கையசைவில் மெதுவான பந்து ஒன்றை எறிந்தால், வலிமை மிக்கவனும் முன்னதாகவே மட்டையை வீசி ஏமாந்து போவான். இச்சூழ்ச்சிகளை எல்லாம் மேட்டின்மேல் நின்று செய்து பழகியவர் ரூத். எனவே அவர் மட்டையுடன் தட்டருகே நின்றபோது, எதிரே நிற்பவரின் மனம் அவருக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது. அன்று மத்தியாஸ் கொடுத்த பந்தின் பயன் இதுவே.

நான்கு நாட்களுக்கு ஒரு முறை மட்டுமே ஆடும் பந்தெறிபவரை, நாள்தோறும் மட்டை பிடிக்கச் செய்தால் என்ன என்று பாஸ்டன் அணியினர் 1918-இல் எண்ணத் தொடங்கினர். 1919-இல் ரூத் 29 ஹோம் ரன்கள் அடித்தார். அதற்கு முன் ஓராண்டில் அடிக்கப்பட்ட மிகுதியான எண்ணிக்கை 27. அதுவும் 1884-இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு முடிவில் நியூயார்க் யாங்கீஸ் அணி 1,00,000 டாலர் கொடுத்து அவரை வாங்கியது. 1920-இல் 54, 1921-இல் 59 எனப் பந்துகள் வேலி தாண்டின. 1920-இல் அவர் தனியொருவராக அடித்தது, அமெரிக்கன் லீக்கில் யாங்கீஸ் நீங்கலான எந்த முழு அணியும் அடித்ததைவிட மிகுதி! பந்தில் எச்சில் தடவி எறிவதற்கு அவ்வாண்டு விதிக்கப்பட்ட தடையும், அழுக்கேறிய பந்துகளை அடிக்கடி மாற்றும் வழக்கமும் மட்டையாளர் அனைவருக்குமே உதவின. ஆயினும் அவ்வுதவியை அவரைப்போல் பயன்படுத்திக்கொண்டவர் வேறொருவர் இலர்.

மட்டை வீச்சின் நுட்பம்

அக்காலத்து ஆட்டக்காரர்கள் மட்டையின் பிடியில் கைகளைச் சற்று மேலேற்றிப் பிடித்து, வீச்சைச் சுருக்கி, பந்தை ஆளில்லா இடத்தில் தட்டிவிடுவதையே சிறப்பாகக் கருதினர். ரூத் வேறு வழி சென்றார். ஜோ ஜாக்சன் என்னும் ஆட்டக்காரரின் வீச்சைக் கண்டு பின்பற்றியதாக அவரே சொன்னதுண்டு. மட்டையின் அடிக்குமிழ் உள்ளங்கையில் படும்படி கடைசி நுனியில் பிடித்தார். 40 அவுன்ஸும் அதற்கு மேலும் எடையுள்ள மட்டைகள் அவருடையவை; அதாவது ஒரு கிலோவுக்கு மேல். இன்றைய வீரர்கள் எடுப்பவை பெரும்பாலும் 31 முதல் 33 அவுன்ஸ் வரையே.

அவர் நின்ற நிலையைப் பாருங்கள். பாதங்கள் இரண்டும் நெருங்கியிருக்கும். வலத்தோள் பந்தெறிபவரை நோக்கி நன்கு திரும்பியிருக்கும். எடை முழுவதும் பின்னங்காலில் தங்கியிருக்கும். பந்து புறப்பட்டதும் முன்னங்கால் நீண்ட அடி ஒன்று எடுத்து வைக்கும். அக்கால் ஊன்றியதும் முதலில் இடுப்பு திரும்பும், அடுத்துத் தோள், எல்லாவற்றுக்கும் பின்னரே கை. சாட்டையைச் சொடுக்கும்போது பிடியில் எழும் விசை நுனிக்குச் செல்லச் செல்ல விரைவு கூடுகிறதன்றோ? அவ்வாறே தரையில் எழுந்த விசை கால், இடுப்பு, தோள், கை என ஏறி மட்டை முனையை அடைந்தது. கைதான் அடித்தது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அடித்தது பாதம் முதல் தோள் வரை ஒழுங்காகத் திரும்பிய முழு உடல்.

மற்றொரு நுட்பமும் உண்டு. மேட்டிலிருந்து எறியப்பட்ட பந்து சற்றுக் கீழ்நோக்கி இறங்கியே வரும். மட்டையைத் தரைக்கு இணையாக வீசினால் இரண்டின் பாதைகளும் ஒரு புள்ளியில் குறுக்கிட்டுப் பிரிந்துவிடும். ரூத்தைப்போல் சிறிது மேல்நோக்கி வீசினால், மட்டை பந்தின் பாதையிலேயே சற்று நேரம் எதிர்சென்று நிற்கும். நேரம் சிறிது தவறினாலும் பந்து மட்டையில் படும்.

அந்நேரத்தின் அளவுதான் என்ன? மணிக்கு 90 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து தட்டை அடைய ஏறக்குறைய 0.4 நொடியே ஆகும். மட்டையை வீச மட்டும் 0.15 நொடி வேண்டும். எஞ்சிய கால் நொடியில் பந்தைக் கண்டு, அதன் வேகத்தை மதித்து, அடிப்பதா விடுவதா என முடிவு செய்தாக வேண்டும். ஒரு நொடியில் நூற்றில் ஒரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் பந்து மைதானக் கோட்டுக்கு வெளியே போய்விடும். கண் இமைக்கும் நேரத்தினும் குறுகியது இது!

1921-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆட்டம் ஒன்றை முடித்த கையோடு ரூத் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வகத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டார். விளக்கொளி தெரிந்தவுடன் விசையை அழுத்துதல், கண நேரம் தோன்றி மறையும் எழுத்துகளைப் படித்தல், துளைகளில் விரைந்து கோலைச் செலுத்துதல் முதலிய சோதனைகள் நடந்தன. அவருடைய கண் சராசரி மனிதரைவிட 12 விழுக்காடு விரைவாக இயங்கியது என்று அறிவிக்கப்பட்டது. கண், மூளை, தசை ஆகியவற்றின் ஒத்திசைவு மற்றவர்க்கு நூற்றுக்கு 60 எனில் அவருக்கு 90 என்றனர். அறிவியல் வியந்தது. ஆனால் அந்தக் கண்ணைப் பல்லாண்டு பயிற்றிய மைதானம் ஆய்வகத்தில் இல்லை என்பதையும் நாம் நினைக்க வேண்டும்.

பதினேழு வயதுப் பெண்ணின் பந்து

1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரில் யாங்கீஸ் அணி ஒரு காட்சி ஆட்டம் ஆடியது. உள்ளூர் அணியின் சார்பில் மேட்டில் ஏறியவர் ஜாக்கி மிட்செல் என்னும் 17 வயதுப் பெண். இடக்கையால் எறிவார், தட்டருகே வந்ததும் திடீரெனத் தாழும் மெதுவான பந்து அவருடையது. ரூத் இரு முறை மட்டையை வீசி இரு முறையும் தவறவிட்டார். அடுத்த பந்தை அடிக்காமல் விட, நடுவர் அதை நல்ல பந்து என்று தீர்த்தார். ரூத் வெளியேறினார்! அடுத்து வந்த லூ கெரிக்கும் மூன்று முறை வீசி வெளியேறினார். இது வேடிக்கைக்காக ஏற்பாடு செய்யப்பட்டதே என்பாரும் உண்டு. இல்லை என்பாரும் உண்டு. வழக்கு இன்றும் தீரவில்லை.

எனினும் இத்தகையது நடக்கக்கூடியதே என்பதற்குச் சான்று பின்னர்க் கிடைத்தது. 2004-இல் சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், அக்காலத்தின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவரான ஆல்பர்ட் புஹோல்ஸைக் காட்சி ஆட்டம் ஒன்றில் இவ்வாறே வெளியேற்றினார். பழகாத கையசைவிலிருந்து பழகாத பந்து வந்தால், எவ்வளவு கூரிய கண்ணும் நேரம் தவறுகிறது. ஆகவே காலமறிதல் என்பது கண்ணின் வரம் மட்டுமன்று; கண்டு கண்டு கற்றுக்கொள்ளும் கல்வி. அக்கல்வி பெண்களுக்கும் திறந்தே இருக்கிறது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

ரூத்தின் வாழ்வு குறையற்றதன்று. தட்டருகே பொறுமையாக நின்றவர், வெளியே பொறுமை இழந்தார். உணவிலும் குடியிலும் செலவிலும் அளவின்றி நடந்தார். 1922-இல் விதிமீறலுக்காக ஆட்டத்தொடக்கத்தில் ஆறு வாரத் தடை பெற்றார். 1925 ஏப்ரலில் பயணத்தின்போது மயங்கி விழுந்து அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். அவ்வாண்டிலேயே, கட்டுப்பாட்டை மீறியதற்காக அணியின் மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ் 5,000 டாலர் தண்டம் விதித்து அவரை ஒதுக்கி வைத்தார். ஹோம் ரன்கள் 25 ஆகக் குறைந்தன. ரூத்தின் காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர்.

முப்பது வயதைக் கடந்த அவர் அந்தக் குளிர்காலத்தில் மீண்டும் மாணவர் ஆனார். ஆர்ட்டி மக்கவர்ன் என்பவரின் உடற்பயிற்சிக் கூடத்தில் நாள்தோறும் உழைத்து உடலைக் குறைத்தார். பயன், மறு ஆண்டில் 47 ஹோம் ரன்கள். அதற்கும் அடுத்த ஆண்டான 1927-இல் 60! செப்டம்பர் 30-ஆம் நாள், வாஷிங்டன் அணியின் டாம் ஜாக்ரி தாழ்வாகவும் உடலை நெருக்கியும் எறிந்த பந்தை வலப்புறத்துக்கு அடித்து அந்த அறுபதாவதைப் பெற்றார். அச்சாதனையை 1961 வரை எவரும் முந்தவில்லை.

புகழின் உச்சியிலும் தாம் வளர்ந்த இடத்தை அவர் மறக்கவில்லை. 1919-இல் பள்ளிக் கட்டடங்கள் தீக்கிரையாயின. மறு ஆண்டு பள்ளியின் இசைக்குழுவைத் தம் அணியுடன் ஊர் ஊராக அழைத்துச் சென்று நிதி திரட்ட உதவினார். சகோதரர் மத்தியாஸுக்கு மோட்டார் கார் ஒன்றைப் பரிசளித்தார். தந்தையைப் போல் தம்மை ஆளாக்கியவர் அவரே என்பதை வாழ்நாள் முழுவதும் நன்றியோடு கூறி வந்தார்.

1935 மே 25-ஆம் நாள், 40 வயதில், கால் தளர்ந்த நிலையில், பிட்ஸ்பர்க் நகரில் ஒரே ஆட்டத்தில் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். மூன்றாவது, அம்மைதானத்தின் வலப்புறக் கூரையையே தாண்டிச் சென்றது. அதுவே அவருடைய 714-ஆவது ஹோம் ரன், கடைசியும் அதுவே. சில நாட்களில் ஓய்வு பெற்றார். 1936-இல் பேஸ்பால் புகழ்மன்றத்திற்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் அவரும் ஒருவர்.

1946-இல் புற்றுநோய் அவரைப் பற்றியது. ஏழைச் சிறுவர்களுக்கு உதவும் நிதியம் ஒன்றை 1947-இல் தொடங்கினார். 1948 ஜூன் 13-ஆம் நாள் யாங்கீ மைதானத்திற்கு இறுதியாக வந்தார். அன்று, அவர் அணிந்த 3-ஆம் எண் இனி எவருக்கும் இல்லை என அறிவிக்கப்பட்டது. மெலிந்த உடல், ஊன்றிக்கொள்ள ஒரு மட்டை. அந்த நாளைக் கவனியுங்கள். 46 ஆண்டுகளுக்கு முன், புனித அந்தோணியார் திருநாளாகிய அதே ஜூன் 13-இல்தான் கைவிடப்பட்ட சிறுவனாகப் புனித மரியன்னை பள்ளியின் வாயிலில் அவர் நுழைந்தார்! இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்டு 16-ஆம் நாள், தம் 53-ஆம் வயதில் மறைந்தார். நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் இறுதித் திருப்பலி நடைபெற்றபோது, வெளியே மழையில் பெருந்திரளான மக்கள் நின்றனர்.

நாம் கற்க வேண்டியது

பேப் ரூத் என்றதும் உலகம் 714 என்னும் எண்ணையே சொல்கிறது. 1974-இல் ஹாங்க் ஆரன் அதனை முந்திவிட்டார். நாமோ வேறு இரண்டு எண்களை நினைவில் வைப்போம். அவர் அடிக்க முயன்று தோற்று வெளியேறியது 1,330 முறை. தகாத பந்துகளை அடிக்காமல் பொறுத்து முதல் தளத்திற்கு நடந்தது 2,062 முறை. எதிரிகள் அஞ்சி வேண்டுமென்றே விலக்கி எறிந்தவையும் அவற்றுள் உண்டு. ஆயினும் அவற்றின்மேல் ஆசை வைக்காமல் நின்றவர் அவர்தாம். தோல்விக்கு அஞ்சாமை ஒன்று. தகுந்த நேரம் வரும்வரை தன்னை அடக்குதல் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்ததே அவருடைய வீச்சு.

தேர்வு மண்டபத்தில் வினாவை முழுதும் படிக்குமுன் விடை எழுதத் தொடங்குகிறோம். தோழி பேசி முடிக்குமுன் சினந்து பதில் சொல்கிறோம். முன்னதாக வீசிய மட்டை எவ்வளவு வலியதாயினும் காற்றைத்தான் அடிக்கும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொல்வது மைதானத்திற்கும் பொருந்தும், வாழ்க்கைக்கும் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. எவருக்கும் வேண்டாத பிள்ளை ஒருவனுக்காக, ஓர் ஆசிரியர் மாலைதோறும் மைதானத்தில் நின்றார். அவர் உலகப்புகழ் பெறவில்லை. 1944-இல் அமைதியாக மறைந்தார். மாணவனை உடனே மாற்றிவிட அவர் முயலவில்லை, காத்திருந்தார். காத்திருந்து அடிக்கும் கரங்களை உருவாக்கியதும் ஒரு காத்திருப்பே. நம் பொருட்டும் அவ்வாறு காத்திருப்பவர்கள் இப்பள்ளியிலும் இல்லத்திலும் இருக்கிறார்கள். அவர்களை நன்றியோடு நினைத்து, நமக்குரிய பந்து வரும்வரை விழிப்போடு நிற்போமாக!